கிலாஃபத் எங்கே மன்னராட்சி ஆனது? பேராக்கிலிருந்து ஒரு மறுபார்வை

நபிகள் நாயகம் 632இல் மறைந்தார். அடுத்த 29 ஆண்டுகளில் நான்கு கலீஃபாக்கள் ஆண்டனர். 661இல் நான்காமவரான அலி கூஃபாவில் கொல்லப்பட்டதும், சிரியாவின் ஆளுநராக இருந்த முஆவியா ஆட்சியைப் பிடித்தார். 680இல் அவருடைய மகன் யஸீத் அந்த இடத்தில் அமர்ந்தார். அதன்பின் 1924இல் துருக்கி நாடாளுமன்றம் கலீஃபா பதவியையே ஒழிக்கும் வரை, அது பெரும்பாலும் ஏதாவதொரு குடும்பத்தின் உடைமையாகவே இருந்தது. நடுவில் என்ன நடந்தது, எந்த இடத்தில் கிலாஃபத் முடிந்து மன்னராட்சி தொடங்கியது என்ற கேள்விக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விடை எழுதிவருகிறார்கள். விடைகள் பெருகியும் கேள்வி அடங்கவில்லை. அதற்கு ஒரு காரணம், பெரும்பாலான விடைகள் 'தேர்தல்', 'வாரிசு' என்ற இரண்டை எதிரெதிரே நிறுத்திவிட்டுத் தொடங்குவது என்று தோன்றுகிறது.

பேராக்கில் வாழ்பவருக்கு அந்த எதிர்நிலை அவ்வளவு இயல்பாகப் படாது. பத்து காஜாவிலோ ஈப்போவிலோ வெள்ளிக்கிழமை குத்பா கேட்பவர், அதில் மாநிலத்தின் சுல்தானுக்காக துஆ ஓதப்படுவதையும் கேட்கிறார். குத்பாவில் பெயர் வருபவரே ஆட்சியாளர் என்பது அப்பாசியர் கால அடையாளம். ஆனால் அந்தச் சுல்தானின் மூத்த மகன் தானாகவே அடுத்த சுல்தான் ஆகிவிடுவதில்லை. நாட்டின் மாமன்னரோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார். மன்னராட்சியும் தேர்வும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இந்த மண்ணின் அனுபவத்தை வைத்துப் பழைய கேள்வியை உரசிப் பார்க்கலாம்.

நான்கு பேர், நான்கு வழிகள்

முதல் நால்வரும் ஒரே முறையில் பதவிக்கு வரவில்லை. அபூபக்கர், சகீஃபா என்ற பந்தலடியில் மதீனாவின் அன்சாரிகள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, உமரும் வேறு சிலரும் முன்வந்து பைஅத் (விசுவாச உறுதிமொழி) கொடுத்ததால் கலீஃபா ஆனார். நபியின் உடல் அப்போது இன்னும் அடக்கம் செய்யப்படவில்லை. அலியும் குடும்பத்தாரும் அந்த வேலையில் இருந்தார்கள், கூட்டத்தில் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, அபூபக்கர் மரணப் படுக்கையில் உமரை நியமித்தார். உமர் 644இல் கத்திக்குத்துக்கு ஆளானபோது ஆறு பேர் கொண்ட குழுவை அமைத்தார்: அலி, உஸ்மான், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், சுபைர், தல்ஹா, சஅத். மூன்று நாள் கெடு. தம் மகன் அப்துல்லாஹ் ஆலோசனை சொல்லலாம், ஆனால் பதவிக்கு நிற்கக் கூடாது என்று விதித்தார். தல்ஹா ஊரில் இல்லை. அப்துர் ரஹ்மான் தாம் போட்டியிலிருந்து விலகி, அதற்கு ஈடாகத் தேர்வு செய்யும் உரிமையைப் பெற்றார். மதீனாவில் பலரையும் கேட்டறிந்தபின், முந்திய இருவரின் நடைமுறையைப் பின்பற்றுவீர்களா என்று அலியிடமும் உஸ்மானிடமும் வினவி, உஸ்மானைத் தேர்ந்தார். 656இல் உஸ்மான் கொல்லப்பட்டதும் மதீனாவில் இருந்தவர்கள் அலிக்கு பைஅத் கொடுத்தார்கள், சிரியா கொடுக்கவில்லை.

அதாவது 24 ஆண்டுகளில் ஒரு பதவியை நிரப்ப நான்கு வழிகள். இவற்றில் எதையும் சட்டமாக எழுதிவைக்கவில்லை. பிற்காலத்தார் இவற்றை 'ஷூரா (கலந்தாலோசனை) முறை' என்று ஒரே பெயரில் தொகுத்தது, பின்னால் வந்ததோடு ஒப்பிட்டபோது எழுந்த மதிப்பீடு.

பழைய விடைகள்

சுன்னி மரபின் புகழ்பெற்ற விடை, கிலாஃபத் முப்பது ஆண்டுகள் இருக்கும், பிறகு மன்னராட்சி வரும் என்ற கருத்துள்ள ஹதீஸைச் சார்ந்தது. அலியின் மகன் ஹசன் ஆண்ட ஆறு மாதத்தையும் சேர்த்தால் கணக்கு நேராகிறது. இந்த விடை காலக்கோட்டைத் தருகிறது, காரணத்தைத் தருவதில்லை. ஷியா மரபோ கேள்வியையே வேறிடத்தில் வைக்கிறது. தலைமை இறைவழி நியமனம், அது அலிக்கும் அவர் வழியினருக்கும் உரியது என்பதால், தடம் புரண்டது 661இல் அல்ல, 632இல். காரிஜிகளுக்குக் குலமும் முக்கியமில்லை, குடும்பமும் முக்கியமில்லை. பக்தியுள்ள எவரும் தலைவராகலாம், தவறினால் நீக்கப்படலாம். மூன்று நிலைகளிலும் உள்ளார்ந்த ஒழுங்கு உண்டு. ஆனால் மூன்றும் யார் ஆளத் தகுந்தவர் என்பதைப் பற்றியவை. ஆட்சிமுறை எப்படி இயங்கியது என்பது அவற்றின் கவலையாக இல்லை.

சட்ட அறிஞர்கள் வந்தபின் பேச்சு மாறியது. 1058இல் மறைந்த மாவர்தி, பதவியில் இருப்பவர் அடுத்தவரை நியமிப்பது செல்லும் என்றார். எத்தனை பேர் தேர்ந்தெடுத்தால் போதும் என்ற விவாதத்தில் ஒருவரே போதும் என்ற கருத்தையும் பதிவுசெய்தார். 1333இல் மறைந்த இப்னு ஜமாஆ, வாளால் பிடித்த ஆட்சியும் குழப்பத்தைத் தவிர்க்க ஏற்கப்பட வேண்டும் என்று எழுதும் அளவுக்குப் போனார். இவர்களைக் கோழைகள் என்று சொல்வது எளிது. ரத்தம் சிந்தாத மாற்று ஒன்றும் கைவசம் இல்லாத அறிஞர்களின் கணக்கு அது என்று படிப்பதே நியாயம்.

காரணத்தைத் தேடியவர்களில் முதன்மையானவர் 14ஆம் நூற்றாண்டின் இப்னு கல்தூன். மதக் கட்டுப்பாடு தளர்ந்தபோது குலப்பற்று ஆட்சியின் அடித்தளமாயிற்று என்பது அவர் வாதம். முஆவியாவின் உமையாக் குலத்தார் தங்களில் ஒருவரைத் தவிர வேறெவரையும் ஏற்றிருக்க மாட்டார்கள்; ஆகவே யஸீதை நியமித்த முஆவியா பிளவைத் தவிர்க்கப் பார்த்தார் என்று அவருக்காகப் பரிந்தும் பேசினார். மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை, கிலாஃபத்தின் தன்மைகள் மன்னராட்சிக்குள்ளும் சில தலைமுறை கலந்தே இருந்தன என்ற அவருடைய நுட்பம் இன்றும் பயன்படுவது. 1966இல் வெளிவந்த 'கிலாஃபத்தும் மன்னராட்சியும்' என்ற உருது நூலில் மௌதூதி இதை ஒழுக்கச் சரிவாகப் பார்த்தார்: பொதுக் கருவூலம் ஆட்சியாளரின் பணப்பெட்டியானது, கருத்துரிமை போனது, ஷூரா மறைந்தது. சரிவின் தொடக்கத்தை உஸ்மானின் உறவினர் நியமனங்களிலேயே கண்டதால் மரபு உலமாக்களின் கண்டனத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். எகிப்தின் அலி அப்துர் ராஸிக் 1925இல் எதிர்த்திசையில் போய், கிலாஃபத்தே மதக் கடமை அல்ல என்று எழுதி உலமா தகுதியை இழந்தார்.

மேற்கத்திய ஆய்வாளர்களில் வெல்ஹாவுசன் உமையாக்களின் ஆட்சியை ஓர் அரபு அரசாகவே எழுதினார். 1986இல் பட்ரிஷியா குரோனும் மார்ட்டின் ஹிண்ட்ஸும், உமையாக்கள் வெறும் உலக மன்னர்களாகத் தங்களைக் கருதவில்லை, இறைவனின் பிரதிநிதிகளாகவே சமய அதிகாரமும் கோரினார்கள் என்று வாதிட்டனர். உமையா கலீஃபா அப்துல் மலிக் காலத்து நாணயங்களில் அந்தப் பட்டம் இருப்பது அவர்களுக்குப் பலமான சான்று. இதை ஏற்றால், 'சமயம் போய் அரசு வந்தது' என்ற வழக்கமான கதை ஆட்டம் காண்கிறது.

வாரிசு என்ற அளவுகோல்

பொதுப் பேச்சில் மாற்றத்தின் அடையாளம் ஒன்றே: தந்தைக்குப் பின் மகன். கிபி 676 வாக்கில் முஆவியா மாகாணத் தூதுக்குழுக்களை அழைத்து யஸீதுக்கு பைஅத் வாங்கினார். மதீனாவில் அலியின் மகன் ஹுசைன், அப்துல்லாஹ் இப்னு சுபைர் முதலியோர் மறுத்தார்கள். அபூபக்கரின் மகன் அப்துர் ரஹ்மான், இது ரோமானியச் சக்கரவர்த்திகளின் வழக்கம் என்று கண்டித்ததாக மரபு கூறுகிறது. எதிர்ப்பு உண்மையானது, 680 அக்டோபரில் கர்பலாவில் ஹுசைன் கொல்லப்பட்டபோது அதன் விலை ரத்தமாகக் கொடுக்கப்பட்டது.

ஆனாலும் வாரிசு மட்டும் அளவுகோல் என்றால் இரண்டு பக்கமும் இடிக்கிறது. உமையாக்களிடமே தந்தை-மகன் ஒழுங்கு நிலைபெறவில்லை. 684இல் மர்வான் ஜாபியாவில் கூடிய குலத்தலைவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்துல் மலிக்குக்குப் பின் அவருடைய மகன்கள் நால்வர் ஆண்டார்கள். நடுவில் 717இல் சுலைமான் தம் சகோதரனையும் மகனையும் விட்டு ஒன்றுவிட்ட சகோதரர் உமர் இப்னு அப்துல் அஸீஸை நியமித்தார். நல்லாட்சிக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் அவர்.

மறுபக்கம் நம் ஊர். மலாக்கா சுல்தான் மஹ்மூதின் மகன் முசாஃபர் ஷா 1528இல் நிறுவிய பேராக் அரச மரபில், ராஜா மூடா முதல் ராஜா கெச்சில் போங்சு வரை ஆறு பட்டங்கள் இன்று படிக்கட்டு போல நிற்கின்றன. 1962இல் கடைசிப் படியான ராஜா கெச்சில் போங்சுவாக இருந்தவர், தமக்கு நேர்முன் ஆண்ட சுல்தானின் மகன் அல்லாதவர், 1984இல் சுல்தான் அஸ்லான் ஷா ஆனார். 1989இல் மாமன்னரும் ஆனார். நெகிரி செம்பிலானில் நான்கு உண்டாங் தலைவர்கள் கூடி அரச குடும்பத்திலிருந்து ஒருவரைத் தேர்கிறார்கள். 1967இல் மறைந்த துவாங்கு முனாவிரின் மகனை விட்டுத் தம்பியைத் தேர்ந்தார்கள். 2008இல் அந்தத் தம்பி மறைந்ததும் அவருடைய பிள்ளைகளை விட்டு முனாவிரின் மகன் துவாங்கு முஹ்ரிஸைத் தேர்ந்தார்கள். இவையெல்லாம் மன்னராட்சி இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே தேர்வு இருந்தால் கிலாஃபத், வாரிசு இருந்தால் மன்னராட்சி என்ற கோடு செல்லாது.

வெளித்தோற்றமும் உதவாது. ஸிரியாக் மொழியில் எழுதப்பட்ட மாரோனைட் காலக்குறிப்பு, அரபுகள் ஜெருசலேமில் கூடி முஆவியாவை அரசராக்கினார்கள் என்கிறது; மற்ற அரசர்களைப் போல அவர் மகுடம் அணியவில்லை என்றும் வியப்போடு குறிக்கிறது. தாயிஃப் அருகே ஹிஜ்ரி 58இல் கட்டப்பட்ட அணையின் கல்வெட்டில் அவர் இறைவனின் அடிமை, விசுவாசிகளின் தலைவர் என்றே வருகிறார். உமருக்கும் வழங்கிய அதே பட்டம்.

இறக்கும் வழி

அப்படியானால் கோடு எங்கே? இக்கட்டுரையின் வாதம்: பதவியில் ஏற்றும் முறையை விட, பதவியிலிருந்து இறக்கும் முறை இருந்ததா, மறுக்கும் ஆற்றல் யாருக்கு இருந்தது என்பதே தீர்மானமான வேறுபாடு. அந்த இடம் முதல் நால்வர் காலத்திலேயே காலியாக இருந்தது. பிறகு வந்த அரசர்கள் அந்தக் காலி இடத்தில்தான் குடியேறினார்கள்.

சான்று 656. எகிப்து, கூஃபா, பஸ்ரா ஆகிய இடங்களிலிருந்து வந்த கிளர்ச்சியாளர் உஸ்மானின் வீட்டை முற்றுகையிட்டுப் பதவி விலகச் சொன்னார்கள். இறைவன் தமக்கு அணிவித்த உடையைத் தாம் கழற்ற மாட்டேன் என்ற பொருளில் அவர் மறுத்ததாக வரலாறுகள் கூறுகின்றன. இரு தரப்பையும் தனித்தனியே பார்த்தால் இருவரிடமும் வாதம் உண்டு. குறைகள் இருந்தன, ஆனால் முற்றுகையிட்டவர்களுக்கு ஒரு கலீஃபாவை நீக்கும் உரிமையை யார் கொடுத்தது? அவரைத் தேர்ந்த குழுவில் எஞ்சியோர் மதீனாவிலேயே இருந்தார்கள். தேர்ந்தவர்கள் கூடித் திரும்பப் பெறலாம் என்ற வழக்கம் இல்லை. ஏற்ற நான்கு வழிகள் இருந்த இடத்தில் இறக்க எஞ்சியது கத்தி ஒன்றே. அதற்குப் பிறகு அலி காலத்தில் நடந்த ஒட்டகப் போர், ஸிஃப்பீன், நஹ்ரவான் போர்கள் எல்லாமே அந்தக் கத்தியின் தொடர்ச்சி.

உமையாக்களில் ஒருவரே இந்தக் குறையை உணர்ந்ததாகத் தெரிகிறது. 744இல் கலகத்தால் பதவிக்கு வந்த மூன்றாம் யஸீத், தாம் வாக்குத் தவறினால் மக்கள் தம்மை நீக்கலாம் என்று பதவியேற்பு உரையிலேயே சொன்னதாகப் பதிவு உண்டு. ஆறு மாதத்துக்குள் இறந்துபோனார். வாக்குறுதி சோதிக்கப்படவே இல்லை.

பணம் எங்கே, பைஅத் அங்கே

மறுக்கும் ஆற்றல் காற்றில் நிற்பதில்லை. அதற்கு வருமானம் வேண்டும். உமர் காலத்தில் ஏற்பட்ட திவான் பதிவேடு, இஸ்லாத்தில் முந்தி வந்தவர்களுக்கு முதலிடம் தந்து படைவீரர்களுக்கு ஊதியம் வகுத்தது. நோக்கம் நியாயமானது. விளைவு வேறு: பைஅத் கொடுக்க வேண்டியவர்கள் பைஅத் பெறுபவரிடமே ஊதியம் வாங்குபவர்கள் ஆனார்கள். மாகாண வரி வசூலிப்பவரின் கை ஓங்கியது. சுமார் இருபது ஆண்டுகள் சிரியாவை இடையறாது ஆண்ட முஆவியாவுக்கு ஒழுங்கான படை, கல்ப் குலத்தோடு திருமண உறவு, நிலையான வருமானம் மூன்றும் இருந்தன. மதீனாவிடம் இருந்தது மரியாதை.

இதே கணக்கை 1871இல் பேராக்கில் பார்க்கலாம். சுல்தான் அலி மறைந்தார். அடக்கத்துக்கு முன் வாரிசு முடிவாக வேண்டும் என்பது மலாய் அரச வழக்கு. ராஜா மூடாவான அப்துல்லா அடக்கத்துக்கு வரவில்லை. பெண்டஹாரா இஸ்மாயில் சுல்தானாக அறிவிக்கப்பட்டார். அன்று மதீனாவில் உடலருகே இருந்தவர்கள் கூட்டத்தில் இல்லை. இங்கே உடலருகே வராதவர் பதவியை இழந்தார். இரண்டிலும், வராதவரின் உரிமை என்ன ஆகும் என்பதற்கு விதி இல்லை. இஸ்மாயிலுக்குப் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர் லாருட் ஈய வருமானத்தால் செழித்த மந்திரி ங்கா இப்ராஹிம். வருவாயுள்ள பகுதியின் ஆளுநரே அரசரைத் தீர்மானிக்கும் நிலை டமாஸ்கஸுக்கு மட்டும் உரியதல்ல.

உள்ளூரில் தீராத வழக்கு வெளியாரிடம் போனது. 1873 இறுதியில் அப்துல்லா சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் ஆளுநருக்கு எழுதினார். 1874 ஜனவரி 20இல் பங்கோர் உடன்படிக்கை அவரைச் சுல்தானாக ஏற்றது. இஸ்மாயில் அந்தக் கூட்டத்தில் இல்லை, அவருக்குச் சுல்தான் மூடா பட்டமும் உபகாரச் சம்பளமும் ஒதுக்கப்பட்டன. மலாய் மதமும் வழக்கமும் தவிர மற்றெல்லாவற்றிலும் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும் என்று விதியானது. 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்டார். 1877இல் அப்துல்லா சீஷெல்ஸுக்கு நாடுகடத்தப்பட்டார். ஏற்றிய கையே இறக்கியது, ஆனால் அது பேராக் தலைவர்களின் கை அல்ல. வரி வசூலித்த தலைவர்கள் காலனி அரசிடம் படி வாங்குபவர்களாக மாறினார்கள். கிந்தாவின் ஈய வருமானம் பெருகிய ஆண்டுகளில் பத்து காஜாவின் மாவட்ட அலுவலகமும் நீதிமன்றமும் எழுந்தது அந்தப் புதிய கணக்கின் கீழ்தான்.

எதிர்வாதங்கள்

இந்த வாதம் முஆவியாவை விடுவிக்கிறது என்ற மறுப்பு எழலாம். அமைப்பில் ஓட்டை இருந்தது என்பதற்காக அதன் வழியே நுழைந்தவர் குற்றமற்றவர் ஆகிவிட மாட்டார். உமர் அதே அமைப்புக்குள் இருந்துகொண்டே தம் மகனைத் தடுத்தார் என்பது போதுமான பதில். அபூபக்கர் உமரை நியமித்ததும் முஆவியா யஸீதை நியமித்ததும் வடிவில் ஒன்றே என்று சொல்பவர்கள் இந்த வேறுபாட்டை எளிதில் தாண்டிப் போகிறார்கள்.

இரண்டாவது மறுப்பு கனமானது. நீக்கும் உரிமையை ஏற்றவர்களுக்கு என்ன கிடைத்தது? ஓமானின் இபாதிகள் இமாமைத் தேர்ந்தெடுக்கவும் நீக்கவும் செய்தார்கள். 886இல் இமாம் ஸல்த் இப்னு மாலிக் நீக்கப்பட்டபோது ஓமான் உள்நாட்டுப் போரில் விழுந்தது. இது நம் வாதத்துக்குப் பாதகம்தான். ஆனால் அங்கே சண்டை, நீக்கலாமா என்பதைவிட யார், எந்தக் காரணத்துக்காக, எப்படி நீக்கலாம் என்பதில்தான் மூண்டது. கொள்கை மட்டும் போதாது, நடைமுறையும் வேண்டும் என்றுதான் இது காட்டுகிறது.

மூன்றாவது மறுப்பு சான்றுகள் பற்றியது. பலாதுரி, தபரி போன்ற வரலாற்றாசிரியர்கள் உமையாக்களை வீழ்த்திய அப்பாசியர் ஆட்சியில், நிகழ்ச்சிகளுக்கு இருநூறு ஆண்டுகள் கழித்து எழுதியவர்கள். உமையாக்களைக் 'கெட்ட அரசர்கள்' ஆக்குவது அக்காலச் சூழலுக்கு உகந்தது. இது சரியே. கல்வெட்டு, நாணயம், ஸிரியாக் குறிப்பு ஆகிய சமகாலச் சான்றுகள் பட்டங்களையும் சடங்குகளையும் சொல்கின்றனவே தவிர, மதீனாவில் யார் என்ன பேசினார்கள் என்பதைச் சொல்வதில்லை. 656இல் உஸ்மான் சொன்ன சொற்களை நம்பாமல் விடலாம். அவர் பதவி விலகவில்லை, கொல்லப்பட்டார் என்பதை யாரும் மறுக்கவில்லை. வாதத்துக்கு அது போதும்.

தீராதவை

சில கேள்விகள் திறந்தே கிடக்கின்றன. 661இல் ஹசன் விலகியபோது, முஆவியாவுக்குப் பின் ஷூராவே முடிவு செய்யும் என்று உடன்படிக்கையில் இருந்ததா? சில அறிக்கைகள் இருந்தது என்கின்றன. மூல ஆவணம் எதுவும் கிடைக்காதவரை இது முடியாது. இருந்திருந்தால் யஸீதின் நியமனம் வழக்க மீறல் மட்டுமல்ல, எழுத்து மீறலும் ஆகும். பேரரசு மதீனா என்ற ஒரே ஊரைத் தாண்டி விரிந்தபின் ஷூரா எந்த வடிவில் நடைமுறை ஆகியிருக்கும் என்பதும் ஊகமே. மதீனாவின் தேர்வை பஸ்ராவும் டமாஸ்கஸும் ஏன் ஏற்க வேண்டும் என்ற கேள்வியை மௌதூதி உட்பட யாரும் முழுமையாக எதிர்கொள்ளவில்லை.

மலேசிய அனுபவத்தை இந்த இடத்தில் மிகைப்படுத்தவும் கூடாது. மாமன்னரைத் தேர்பவர்கள் ஒன்பது பரம்பரை ஆட்சியாளர்கள்; அவர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அன்றைய ஆறு பேரையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆயினும் ஒரு வேறுபாடு சிறியதல்ல. 1957 அரசியலமைப்பின் 32ஆம் விதி, மாமன்னர் ஐந்தாண்டு பதவி வகிப்பார், எழுதிக் கொடுத்து விலகலாம், தேர்ந்த அதே ஆட்சியாளர்கள் மன்றத்தால் நீக்கப்படவும் செய்யலாம் என்கிறது. நீக்கும் பிரிவு இதுவரை பயன்படுத்தப்பட்டதில்லை. விலகும் பிரிவு 2019 ஜனவரி 6இல் பயன்பட்டது: மாமன்னராக இருந்த சுல்தான் ஐந்தாம் முஹம்மது கடிதம் கொடுத்து விலகினார், அந்த மாதமே மன்றம் கூடி அடுத்தவரைத் தேர்ந்தது, நாட்டில் ஒரு கடைகூட அடைக்கப்படவில்லை.